பெருந்தொற்று வந்தால் வீட்டை எப்படி நடத்துவது? முதல்முறை தயாராகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது, அப்பாவின் சர்க்கரை மாத்திரை எப்போது தீரும், வாரக் கூலி வராவிட்டால் வாடகைக்கு என்ன செய்வது என்று பல குடும்பங்கள் அந்த இரவில்தான் முதன்முதலாகக் கணக்குப் போட்டன.

கோவிட் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் நாம் படித்த பாடங்களுக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. அடுத்தது எப்போது வரும், எந்தக் கிருமியால் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. 1918இன் ஃபுளூ காய்ச்சலும் 2020இன் கோவிட்டும் மூச்சின் வழியே பரவியவை. இந்த வழிகாட்டியும் அப்படிப்பட்ட நோயை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

கோவிட் காலத்தில் பல வீடுகள் தடுமாறியதற்கு அறியாமையைவிடத் தாமதமே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. காய்ச்சல் வந்த இரவில் யாருக்கும் தெளிவாக யோசிக்க வராது. யார் கவனிப்பது, எங்கே படுக்கவைப்பது, எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்பதையெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

படி 1: இரண்டு வாரக் கையிருப்பு

சென்னை, மதுரை, கோவை மாநகரங்களில் 2020 ஏப்ரல் 26 முதல் இன்னும் கடுமையான முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய நாள் சந்தைகளில் நிற்க இடமில்லை. அடுத்த சில நாட்களிலேயே கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று கிளம்பி அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை போனது. மே 5 அன்று சந்தையை மூடினார்கள்; காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. ஊரடங்குக்கு முந்தைய நாள் கூட்டத்துக்குள் போவது அந்தப் பருவத்தின் மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று. அதைத் தவிர்க்கத்தான் இந்தக் கையிருப்பு.

அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, உப்பு, மிளகாய், ரவை, கொஞ்சம் வற்றல், ஊறுகாய். இவை இருந்தால் காய்கறி இல்லாமலும் பத்து நாள் ஓட்டிவிடலாம். முருங்கை மரம் உள்ள வீட்டுக்கு அதுவே பெரிய துணை. சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று மாற்றாக நிரம்பியிருக்கட்டும். நாப்கின், குழந்தைக்கான பால் மாவு, சோப்பு, ஓஆர்எஸ் பொட்டலங்கள், பாரசிட்டமால், ஒரு வெப்பமானி ஆகியவற்றைப் பட்டியலில் பலர் மறந்துவிடுகிறார்கள். மொத்தமாக வாங்கக் காசில்லாத வீடுகள் வாரம் ஒரு பொருளாகச் சேர்க்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் பதுக்க வேண்டியதில்லை. நாம் அள்ளிக்கொண்டு வந்தது இன்னொரு வீட்டுக்குக் கிடைக்காமல் போகும்.

படி 2: காற்றைக் கவனியுங்கள்

2020இல் நாம் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தோம், செய்தித்தாளை நிறுத்தினோம். அதே வீட்டில் ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டு, விருந்தாளிகளோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம். பொருட்களைத் தொடுவதால் கோவிட் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள் அறைக்குள் மிதந்து நிற்பதே முக்கியமான வழி. மூடிய அறையில் ஒரு மூலையில் அகர்பத்தி ஏற்றினால் சற்று நேரத்தில் மறு மூலைக்கும் வாசனை வருகிறதல்லவா, மூச்சுக் காற்றும் அப்படித்தான் பரவுகிறது. ஆறடி இடைவெளி திறந்த வெளியில் உதவும். சாத்திய அறையில் அது போதாது.

ஆகவே முதலில் ஜன்னல். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னலோ கதவோ இருந்தால் இரண்டையும் திறந்து காற்று குறுக்கே ஓடும்படி செய்யுங்கள். ஒரே ஜன்னல் உள்ள அறையில் மேஜை மின்விசிறியை ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளியே பார்த்தபடி வையுங்கள். உள்ளே இருக்கும் காற்றை அது தள்ளிவிடும். சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியேற்றும் விசிறி இருந்தால் ஓடவிடுங்கள். கொசுத் தொல்லைக்குப் பயந்து பல வீடுகளில் மாலை ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்துகிறோம். கொசுவலைச் சட்டம் அடித்துவிட்டால் இரவிலும் திறந்து வைக்கலாம். அந்தச் செலவை நான் மருத்துவச் செலவாகவே கருதுவேன்.

அடுத்தது முகக்கவசம். பஸ், ரேஷன் கடை வரிசை, வங்கி, ஆஸ்பத்திரி ஆகிய இடங்களுக்கு என்-95 சிறந்தது. அது கிடைக்காவிட்டால் மூன்றடுக்கு மருத்துவ முகக்கவசத்தின் மேல் பொருத்தமான துணிக் கவசம் ஒன்று. கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியே போய்விடும். மூக்குக் கம்பியை அழுத்திவிடுங்கள். பேசுவதற்காகக் கீழே இறக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு, பேசும்போதுதான் அது மிகவும் தேவை. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

கை கழுவுவதை விட வேண்டாம். சோப்பு கோவிட் போன்ற கிருமியின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும்; 20 விநாடி தேய்த்தால் போதும்.

படி 3: பழைய நோய்களை மறக்காதீர்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் விடுப்பு எடுத்துக்கொள்வதில்லை. வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், எந்த அளவு, எத்தனை வேளை என்று எழுதி, மாத்திரை அட்டையைப் போனில் படம் பிடித்து வையுங்கள். ஒரு மாத மாத்திரை எப்போதும் கையில் இருக்கட்டும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பதிவு செய்யாதவர்கள் ஊர்ச் செவிலியரிடம் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை, பிரசவம் ஆகியவற்றுக்கு இரண்டாவதாக ஓர் ஆஸ்பத்திரியையும் விசாரித்து வைப்பது நல்லது.

காசநோயை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2019இல் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் அது 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை, ஆட்கள் பரிசோதனைக்கு வரவில்லை. இருமினாலே தெரு விலக்கிவைக்குமோ என்ற பயமும் பஸ் ஓடாததும் சேர்ந்து செய்த வேலை அது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் எந்தத் தொற்றுக் காலமாக இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

படி 4: வருமானம் நின்றால்

முதல் நாளிலேயே மூன்று பட்டியல் எழுதுங்கள்: கட்டாயம் கொடுக்க வேண்டியவை, கேட்டால் தள்ளிப்போடக் கூடியவை, நிறுத்திவிடக் கூடியவை. வீட்டு உரிமையாளரிடம் வாடகை தேதி வருவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். தேதி கடந்து ஒளிவதைவிட அது இருவருக்கும் மரியாதை.

வங்கிக் கடனில் ஒரு நுணுக்கம் உண்டு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. பலர் அதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டார்கள். கட்டாத மாதங்களுக்கும் வட்டி ஓடியது, கடன் காலம் நீண்டது. ஆகவே கையில் பணம் இருக்கும்வரை தவணையைக் கட்டிவிடுங்கள். அடுப்பா தவணையா என்ற நிலை வந்தால் அடுப்பைத் தேர்ந்தெடுங்கள், தயங்க வேண்டாம். கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள். மகளிர் சுயஉதவிக் குழு, கூட்டுறவு வங்கியில் நகைக் கடன், வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் என்ற வரிசையில் பாருங்கள்.

குடும்ப அட்டை இந்த நேரத்தில் பெரிய சொத்து. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்தன. 2021இல் இரண்டு தவணையாக 4000 ரூபாயும் 14 மளிகைப் பொருட்களும் கொடுத்தார்கள். பெயர் சேர்க்காத குழந்தை, மாற்றாத முகவரி, இணைக்காத கைபேசி எண் ஆகியவற்றை இப்போதே சரிசெய்யுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்கள் உங்கள் பகுதியில் இருந்தால் அவர்களில் பலரிடம் அந்த அட்டை இருக்காது. வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்வது நம் வேலை.

படி 5: வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல்

பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே தனிமைப்படுத்துங்கள். கழிப்பறையோடு கூடிய அறை இருந்தால் அது நோயாளிக்கு. கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கவனிக்க ஒரே ஆள் போதும். வயது குறைந்தவராக, வேறு நோய் இல்லாதவராக, தடுப்பூசி இருந்தால் போட்டுக்கொண்டவராக இருக்கட்டும். உள்ளே போகும்போது இருவரும் முகக்கவசம் அணிய வேண்டும். பாத்திரத்தையும் துணியையும் வழக்கமான சோப்பால் கழுவினால் போதும், தட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஒரே அறை உள்ள வீட்டில் என்ன செய்வது? நம் ஊரில் பெரும்பாலான வழிகாட்டிகள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஜன்னல் அல்லது வாசல் பக்கம் நோயாளி படுக்கட்டும், மற்றவர்கள் எதிர்ப்பக்கம் தலைமாற்றிப் படுக்கட்டும். பகலில் எல்லோரும் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ இருக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் நேரம் முழுக்க முகக்கவசம், சாப்பாடு மட்டும் மாற்றி மாற்றி. பொதுக் கழிப்பறை என்றால் நோயாளி கடைசியாகப் போகட்டும். கதவைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் கழித்து அடுத்தவர் போகலாம். முதியவரோ கர்ப்பிணியோ அதே அறையில் இருந்தால் நோயாளியைக் கவனிப்பு மையத்துக்கு அனுப்புவதே சரி. நந்தம்பாக்கம் வர்த்தக மையமும் கல்லூரி விடுதிகளும் 2020இல் அப்படித்தான் பயன்பட்டன. அங்கே போவதில் அவமானம் எதுவும் இல்லை.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், காய்ச்சல் அளவு, நாடித் துடிப்பு, ஆக்ஸிஜன் அளவு, கொடுத்த மாத்திரை. காலை, மதியம், இரவு என்று எழுதினால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கோவிட்டில் பலருக்கு ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் நிலைமை மோசமானது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நோட்டை மூடிவிடாதீர்கள். அறிகுறி தொடங்கிய ‘முதல் நாள்’ எது என்பதை மறக்காமல் குறித்துவையுங்கள்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை ஒரு தெருவுக்கு இரண்டு மூன்று வாங்கிச் சுற்றில் விட்டாலும் போதும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, விரலைத் தேய்த்துச் சூடாக்கிப் பாருங்கள். நகப்பூச்சும் மருதாணியும் எண்ணைக் கெடுக்கும். 94க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 90க்குக் கீழே என்றால் யாரையும் கேட்காமல் 108 ஆம்புலன்ஸ். 95, 96 என்று இருப்பவர் அறைக்குள் சில நிமிடம் மெதுவாக நடந்த பிறகு மறுபடி பார்க்கலாம். நன்றாக இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அதுவே எச்சரிக்கை. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, உதட்டில் நீலம் ஆகியவை இருந்தால் எண் எவ்வளவு காட்டினாலும் கிளம்பிவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை குப்புறப் படுக்கவைக்கலாம். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பு முதல் தொடை வரை ஒன்றிரண்டு, கணைக்கால்களுக்குக் கீழே இரண்டு. நுரையீரலின் பின்பகுதி விரிந்து காற்று கூடுதலாகப் போகும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். கர்ப்பிணிகளும் கடுமையான இதய நோயாளிகளும் கூடாது.

மாத்திரை விஷயத்தில் பொறுமை வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில். கடையில் தரும் சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். ஸ்டீராய்டைத் தாமாக ஆரம்பித்ததும் சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் ஏறியதும் 2021இல் கருப்புப் பூஞ்சை நோய்க்குக் கதவு திறந்தன. பலர் கண்ணை இழந்தார்கள். கபசுரக் குடிநீர் குடிக்கப் பிடித்தால் குடியுங்கள், அதைக் குடித்தோம் என்பதற்காக ஆக்ஸிஜன் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். ஆவி பிடிக்கிறோம் என்று கொதிநீரைக் குழந்தை பக்கத்தில் வைக்க வேண்டாம்.

கஞ்சி, ரசம் சாதம், முட்டை, இளநீர் என்று இறங்குவதைக் கொடுங்கள். முழு வீடும் படுத்துவிட்டால் சமைக்க ஆள் இருக்காது. எதிர்வீட்டோடு இப்போதே ஓர் ஒப்பந்தம் பேசுங்கள்: ‘நாங்கள் படுத்தால் நீங்கள் வாசலில் தூக்குவாளி வையுங்கள், நீங்கள் படுத்தால் நாங்கள்.’ இது மருந்துக்குச் சமமான ஏற்பாடு.

படி 6: ஆஸ்பத்திரிப் பை

ஆதார், காப்பீட்டு அட்டை, மாத்திரைப் பட்டியல், அந்த நோட்டு, போன், சார்ஜர், இரண்டு செட் துணி, கண்ணாடி, பல்செட். சார்ஜர் இல்லாமல் போனவர்களின் குடும்பங்கள் நாட்கணக்கில் குரல் கேட்காமல் தவித்தன. பையில் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

2021 மே மாதத்தில் சென்னை அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. படுக்கை தேடி நோயாளியோடு அலைவதைவிட, ஒருவர் வீட்டிலிருந்தபடி 104 சுகாதார உதவி எண்ணில் விசாரிக்க, இன்னொருவர் நோயாளியோடு இருப்பது மேல். அதே மாதம் ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்திலும் நேரு ஸ்டேடியத்திலும் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிகளுக்கு அந்த மருந்தைப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. சீட்டில் எழுதிய மருந்து கிடைக்கவில்லை என்றால், ‘இது இல்லாவிட்டால் என்ன ஆகும், மாற்று உண்டா’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிள்ளைகளும் ஒரே போனும்

தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டும் வயதை வீட்டிலேயே கடந்தது. இந்த இழப்பைப் பற்றி நாம் இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

வீட்டில் ஒரு போன்தான் என்றால் நேர அட்டவணை எழுதி ஒட்டுங்கள். பெரும்பாலும் பையனுக்குப் போன், பெண்ணுக்குப் பாத்திரம் என்று ஆகிவிடுகிறது. பெண் பிள்ளையின் நேரத்தை முதலில் எழுதுங்கள். அரசின் கல்வித் தொலைக்காட்சிக்குப் போனும் தேவையில்லை. தினம் அரை மணி சத்தமாக வாசித்தல், கடைக் கணக்கை வாய்க்கணக்காகப் போடுதல், தாத்தா பாட்டி சொல்லும் கதையை எழுதுதல் ஆகியவை சிறு வகுப்புகளுக்குப் போதும். 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகள் காட்டியபடி, தெருவில் படித்த ஒரு அக்கா திண்ணையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலே பிள்ளைகள் மீண்டு வருவார்கள். பள்ளி மூடியிருக்கும்போது சத்தமில்லாமல் சிறுமிக்குக் கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

எல்லோரும் வீட்டில் இருக்கும் நாட்களில் மூன்று வேளையும் சமைத்துக் கழுவி, நோயாளியையும் பார்ப்பது ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. வேலையைப் பெயர் போட்டுப் பிரியுங்கள். அடி உதை நடந்தால் 181 பெண்கள் உதவி எண். மனம் தாங்காவிட்டால் 14416 மனநல உதவி எண்.

வாட்ஸாப் செய்திகள்

கோழிக்கறியால் கொரோனா வருகிறது என்ற வதந்தியில் 2020 தொடக்கத்தில் நாமக்கல் பண்ணைகள் நொடிந்தன. செய்திக்கு ஒரு வேளை, ஒரு மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கை போதும். யார் சொன்னது, எந்தத் தேதி என்று இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள், அனுப்பியவர் மாமனாராக இருந்தாலும் சரி.

சாவு நேர்ந்தால்

2020 ஏப்ரலில் கோவிட்டால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் கல்லெறிந்தார்கள். தமிழ்நாடு அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்து, தடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை என்றது. இறந்தவர் மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை. உரிய பாதுகாப்போடு செய்யும் அடக்கத்தால் தெருவுக்கு ஆபத்து இல்லை. கூட்டம் கூட முடியாத துக்க வீட்டுக்குத் தினம் ஒருவர் போன் செய்யுங்கள், சாப்பாடு அனுப்புங்கள், முப்பதாம் நாளிலும் நினைவு வைத்துக் கூப்பிடுங்கள்.

காகிதங்களைப் பத்திரப்படுத்துவதும் துக்கத்தின் நடுவே ஒருவர் செய்தாக வேண்டிய வேலை. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி கோவிட் மரணத்துக்கு 50,000 ரூபாய் கிடைத்தது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்குத் தமிழ்நாடு அரசு 5 லட்சம் வைப்பு வைத்தது, ஒருவரை இழந்தால் 3 லட்சம். பரிசோதனை முடிவு கையில் இல்லாத குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தன. முடிவு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சுருக்கம், இறப்புச் சான்று எல்லாவற்றையும் படம் பிடித்து இரண்டு போன்களில் வையுங்கள்.

நோய் போன பிறகு

களைப்பும் மூச்சு வாங்குவதும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். அது சோம்பேறித்தனம் இல்லை. வேலைக்குத் திரும்புகிறவர் முதலில் அரை நாள் வேலை கேட்கட்டும், மூட்டை தூக்குகிறவர் இலகுவான வேலை கேட்கட்டும். சர்க்கரையை ஒருமுறை பாருங்கள். தடுப்பூசி வந்தால் முறை வரும் நாளிலேயே போட்டுக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியபோது பலர் தயங்கினார்கள். இரண்டாம் அலை வந்த பிறகு வரிசையில் நின்றார்கள்.

ஒரு தாள்

108, 104, 1098, 181, 14416 ஆகிய எண்களையும், கவனிக்கப் போகிறவர் பெயரையும், 94 என்ற எண்ணையும், சாப்பாடு தருவதாகச் சொன்ன எதிர்வீட்டின் பெயரையும், உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர்களின் பெயரையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவரை உட்காரவைத்து வாசித்தும் காட்டுங்கள்.